ஹிஜ்ர் பள்ளத்தாக்கின் பாறைகள்

திருக்குர்ஆனின் 15ஆம் அத்தியாயத்திற்குப் பெயர் தந்த ஊர் ஹிஜ்ர். கஅபாவை ஒட்டி அரைவட்டச் சுவருக்குள் அமைந்துள்ள ஹிஜ்ர் வேறு. அதனை ஹஜ்ஜுக்குச் சென்று வந்தோர் அனைவரும் அறிவர். நாம் ஈண்டுக் கூற முற்பட்ட ஹிஜ்ர், மதீனாவுக்கு வடமேற்கே, அல்-உலா என்னும் பேரீச்சஞ்சோலை நகருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே, பாலையின் நடுவே கிடக்கிறது. அதன் மேற்கே எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்த 'ஹர்ரா' என்னும் மேட்டுநிலம். கீழே வெளிர்மணற் பரப்பு. அப்பரப்பில் செம்மணற்கல் பாறைகள் தனித்தனியாக நிற்கின்றன. 'மதாயின் ஸாலிஹ்', அதாவது ஸாலிஹ் நபியின் நகரங்கள் என்று ஹாஜிகள் பல நூற்றாண்டுகளாக வழங்கி வந்ததும் இவ்விடத்தையே.

இப்பாறைகளின் தோற்றத்தைச் சுருங்கச் சொல்லி விளங்கவைத்தவர் ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் புவியியல் அறிஞர் இஸ்தக்ரீ. யாகூத் அல்-ஹமவீ தமது ஊர் அகராதியில் இவருடைய சொற்களை எடுத்துத் தந்திருக்கிறார். தொலைவிலிருந்து காண்பவர் இம்மலைகளை ஒரே தொடர் என்று எண்ணுவர். நடுவே புகுந்து பார்த்தாலோ ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்பதையும், ஒவ்வொன்றையும் சுற்றி வரலாம் என்பதையும், சுற்றிலும் மணலே இருப்பதையும் காண்பர் என்பது அவர் கூற்றின் சாரம். பாறைக் குடைவுகளைத் தாமே கண்டதாகவும், அவை நம் வீடுகளைப் போன்றே இருப்பதாகவும் அவர் சொல்கிறார். அம்மலைகளுக்கு அவர் காலத்து மக்கள் வழங்கிய பெயர் 'அஸாலிப்'. இன்று அப்பரப்பின் வடகிழக்கு மூலையில் உள்ள பாறைக் கூட்டத்திற்கு ஜபல் இஸ்லிப் என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயரின் ஒலி மறையவில்லை.

ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து அச்சமற்று வாழ்ந்ததையும், அவர்களிடம் அனுப்பப்பட்ட ஸாலிஹ் (அலை) அவர்களைப் பொய்ப்பித்ததையும், அத்தாட்சியாக வந்த ஒட்டகையின் கால் நரம்பைத் தறித்ததையும், ஒரு விடியற்பொழுதில் பேரோசை அவர்களைப் பற்றியதையும் திருமறை பல இடங்களில் கூறுகிறது. வாசகர்கள் அறிந்த வரலாறு ஆதலால் விரிக்க வேண்டுவதில்லை. நாம் நோக்க விரும்புவது, அவ்விடத்தைக் கடந்து சென்றவர்கள் எவ்வாறு கடந்தார்கள் என்பதையே.

முதலாவது, ஹிஜ்ரி 9ஆம் ஆண்டின் (கி.பி. 630) கோடை. தபூக்கை நோக்கி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் படை வடக்கே சென்றது. கடும் வெப்பம், தண்ணீர்த் தட்டுப்பாடு. ஹிஜ்ரை அடைந்ததும் மக்கள் கிணறுகளில் நீர் இறைத்து, தோற்பைகளை நிரப்பி, மாவும் பிசைந்துவிட்டனர். அந்நீரைக் கொட்டிவிடுமாறும், பிசைந்த மாவை ஒட்டகங்களுக்கு இட்டுவிடுமாறும், ஸாலிஹ் நபியின் ஒட்டகை நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் இறைத்துக்கொள்ளுமாறும் பெருமானார் ஆணையிட்டார்கள். தமக்குத் தாமே அநீதி இழைத்துக்கொண்டோரின் இருப்பிடங்களுக்குள், அவர்களுக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என்னும் அச்சத்தால் அழுதவர்களாய் இருந்தாலன்றி நுழைய வேண்டா என்று எச்சரித்துவிட்டுத் தலையைப் போர்த்திக்கொண்டு, பள்ளத்தாக்கைக் கடக்கும் வரை வேகமாய்ச் சென்றார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக வரும் இச்செய்திகள் ஸஹீஹுல் புகாரியில் உள்ளன.

இதில் ஓர் நுட்பம் இருக்கிறது. தாகத்தால் வருந்தும் படையிடம் கையில் இருக்கும் நீரைக் கொட்டச் சொல்வது எளிய கட்டளை அன்று. எனினும் மாவு வீணாகவில்லை. வாயற்ற பிராணிக்கு அது தடுக்கப்படவில்லை. அவ்வூரில் நல்லதாய் எஞ்சியிருந்த ஒரு கிணறும் விலக்கப்படவில்லை. நுழைவதும் முற்றாகத் தடுக்கப்படவில்லை. அழுகை என்னும் நிபந்தனை வைக்கப்பட்டது. இமாம் நவவீ அவர்கள் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில், அநியாயக்காரர்களின் இருப்பிடங்களைக் கடக்கும்போது உள்ளம் விழித்திருக்க வேண்டும் என்பதற்கு இந்நபிமொழியை ஆதாரமாகக் காட்டி, முஸ்தலிபாவுக்கும் மினாவுக்கும் இடைப்பட்ட முஹஸ்ஸிர் ஓடையை விரைந்து கடப்பதையும் இதனோடு இணைத்துப் பேசுகிறார்கள். ஹாஜிகள் அந்த ஓடையில் நடையை விரைவுபடுத்துவது ஏன் என்று கேட்போருக்கு இதுவே விடை.

ஏழு நூற்றாண்டுகள் கழித்து, 1326இல், டமாஸ்கஸிலிருந்து புறப்பட்ட ஹஜ்ஜுக் கூட்டத்தோடு இளைஞர் இப்னு பதூதா இவ்வழியே வந்தார். தாகம் மிகுந்திருந்தும் ஹாஜிகள் ஒருவரும் ஹிஜ்ரின் நீரைத் தொடவில்லை என்று அவர் எழுதுகிறார். செந்நிறப் பாறைகளில் செதுக்கிய வாயில்களின் வேலைப்பாடு நேற்றுச் செய்தது போலிருப்பதாகவும், உள்ளே இற்றுப்போன எலும்புகள் கிடப்பதாகவும், இரு குன்றுகளின் நடுவே ஒட்டகை மண்டியிட்ட இடம் என்று சொல்லப்படுவதன் அருகே ஒரு பள்ளியின் அடையாளம் இருப்பதாகவும், அங்கே மக்கள் தொழுவதாகவும் அவர் குறிப்பிடுகிறார். பிற்காலத்து ஹஜ்ஜுக் கூட்டங்கள் அவ்விடம் வந்ததும் துப்பாக்கி முழக்கியும் கூச்சலிட்டும் கடந்தன. அந்த ஒட்டகையின் கன்று பாறைக்குள்ளிருந்து கதறுவதாகவும், தம் ஒட்டகங்கள் அதைக் கேட்டால் நகராது நின்றுவிடும் என்றும் அவர்கள் நம்பினர். நபிமொழியில் இதற்கு இடமில்லை. தலைகுனிந்து அழுது கடக்கச் சொன்ன இடத்தில் வெடி முழக்கம் வந்து சேர்ந்தது எவ்வாறு என்பது, மக்களின் மரபுகள் தடம் மாறுவதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

இப்னு பதூதா கண்ட எலும்புகளைக் கவனிக்க வேண்டும். வீடுகள் எனப்பட்டவற்றுள் எலும்புகள் ஏன்? அவர் அவற்றை அழிக்கப்பட்ட மக்களின் எலும்புகள் என்றே கொண்டார். இக்கேள்விக்கு வேறு விடை கிடைக்க மேலும் 550 ஆண்டுகள் சென்றன. 1876இன் இறுதியில் அதே டமாஸ்கஸ் கூட்டத்தோடு சார்லஸ் டௌட்டி என்னும் ஆங்கிலேயர் வந்து, ஹிஜ்ரின் கோட்டையில் தங்கி, வாயில்களின் மேலிருந்த எழுத்துகளை ஈரத்தாளில் ஒற்றி எடுத்தார். அவ்வொற்றுப் படிகளை எர்னஸ்ட் ரெனான் 1884இல் பாரிஸில் வெளியிட்டார். பின்னர் 1907 முதல் 1910 வரை ஜெருஸலத்திலிருந்து ஜோஸன், ஸாவின்யாக் என்னும் இரு பாதிரிமார் மும்முறை வந்து, முறையாக அளந்து, படித்து, எண்ணிட்டுப் பதிப்பித்தனர். அதே ஆண்டுகளில்தான் ஹிஜாஸ் ரயில்பாதை மதாயின் ஸாலிஹைக் கடந்து 1908இல் மதீனாவை எட்டியது. அப்பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் பொருள் திரட்டி அனுப்பியிருந்தனர். அதன் நிலையக் கட்டிடங்கள் இன்றும் பாறைகளுக்கு அருகே நிற்கின்றன.

எழுத்துகள் படிக்கப்பட்டதும் விடை தெளிவாயிற்று. பாறைகளில் நாம் காணும் பெரும் முகப்புகள் கபுறுகள். அவற்றைச் செய்தோர் நபத்தியர். இன்றைய ஜோர்தானிலுள்ள பெத்ராவைத் தலைநகராய்க் கொண்டு, யமன் நாட்டுச் சாம்பிராணி வணிகத்தில் செழித்த அரபு மக்கள் அவர்கள். ஆண்டு குறித்த கபுறு எழுத்துகள் கி.மு. 1 முதல் கி.பி. 75 வரையான காலத்தவை. கபுறுகள் மொத்தம் 111. அவற்றுள் முகப்பு வேலைப்பாடு உள்ளவை 94. கொத்தர்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தனர் என்பதற்குச் சான்று, தனிப்பாறை ஒன்றில் 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் கஸ்ருல் ஃபரீத். அதன் மேற்பகுதி வழவழப்பாய் முடிந்திருக்கிறது. அடிப்பகுதி கரடுமுரடாய் அப்படியே விடப்பட்டிருக்கிறது. 106இல் நபத்திய அரசை ரோமர் தம் பேரரசோடு சேர்த்துக்கொண்டனர்.

நம் மாணவர்கள் இங்கேதான் தயங்குகின்றனர். வகுப்பில் ஸூரா ஹிஜ்ரை ஓதும்போது, இவை நபத்தியரின் கபுறுகள் என்று நூல்கள் சொல்கின்றனவே, திருமறை ஸமூதின் வீடுகள் என்கிறதே என்று கேட்ட பிள்ளைகள் பலர். கேட்க அஞ்சி மனத்துக்குள் வைத்துக்கொண்டவர் இன்னும் பலராக இருக்கலாம். இக்கேள்வியை அதட்டி அடக்குவது ஆசிரியருக்கு அழகன்று. திருமறை கூறுவது, ஹிஜ்ர்வாசிகள் மலைகளைக் குடைந்து வீடுகள் அமைத்தனர் என்பதே. இன்று ஒளிப்படங்களில் காணும் இந்த முகப்புதான் அவ்வீடு என்று எந்த வசனமும் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டியோர், கண்ணுக்குத் தெரிந்ததைக் காதால் கேட்டதோடு பொருத்திய வழிப்போக்கர்கள். ஸமூது என்னும் பெயரோ கட்டுக்கதை அன்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அஸீரிய மன்னன் இரண்டாம் ஸர்கோனின் கல்வெட்டில் அக்குலம் இடம் பெறுகிறது. கி.பி. 160களில், தபூக்குக்குத் தென்மேற்கே ரவ்வாஃபா என்னுமிடத்தில் கிரேக்கத்திலும் நபத்திய மொழியிலும் பொறித்த கல்வெட்டிலும் அப்பெயர் உள்ளது. ஒரே மண்ணில் ஒரு சமூகத்தின் மேல் மற்றொரு சமூகம் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. பிந்தியதன் கல் நிலைத்தது என்பதால் முந்தியதன் வாழ்வு பொய்யாகிவிடாது. இவ்வளவையும் வெளிப்படையாகச் சொன்னால் பிள்ளைகள் தெளிவு பெறுவதையே கண்டிருக்கிறோம்.

2008இல் ஐ.நா. கல்வி, பண்பாட்டு நிறுவனம் ஹிஜ்ரை உலக மரபுச் சின்னமாகப் பதிவு செய்தது. ஸஊதி நாட்டில் அப்பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுவே. 2019இல் அந்நாடு சுற்றுலா விசா வழங்கத் தொடங்கியபின், உம்ராவுக்குச் செல்வோரில் சிலர் மதீனாவிலிருந்து இங்கும் வருகின்றனர். நாமும் அவ்வாறே சென்றோம். பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, குறித்த இடங்களில் நிறுத்தி, உடன் வரும் வழிகாட்டி கதை சொல்கிறார். அவருக்கு அங்கே வழங்கும் பெயர் 'ராவி'! ஹதீஸ் கலையில் ராவியின் தராதரத்தைச் சல்லடை போட்டுச் சலித்துப் பழகிய நமக்கு, பேருந்து ராவியின் ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பாளர் வரிசை கேட்கலாமா என்று தோன்றியது, கேட்கவில்லை. அவர் பொறுப்போடுதான் பேசினார்.

அழுவோர் அங்கே அரிது என்பதைச் சொல்லவேண்டும். முகப்புகளின் முன் நின்று படமெடுத்துக்கொள்வோரே மிகுதி. இதைக் கண்டு, சபிக்கப்பட்ட பூமிக்குச் செல்லவே கூடாது என்பார் ஒரு சாரார். கற்களில் என்ன இருக்கிறது, பார்த்துவிட்டு வருவோம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் வாயிலின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

படித்தால் அரபி கற்றவர் திடுக்கிடுவார். எழுத்து அராமிய வழியில் வந்தது. சொற்கள் பலவும் நமக்கு மிக அருகில் நிற்கின்றன. கம்கம் என்னும் பெண்மணி தமக்கும் தம் மகள் குலைபாவுக்கும் எழுப்பிய கபுறு, மன்னர் ஹாரிஸாவின் 9ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கிறிஸ்து ஆண்டுக் கணக்குத் தொடங்கும் வேளை. தம் தாயையும் பாட்டியையும் கொண்டே அவர் தம்மை அறிமுகப்படுத்துகிறார். இக்கபுறை விற்பவனையும், வாங்குபவனையும், அடகு வைப்பவனையும், தானம் செய்பவனையும், வேறோர் உடலைக் கொண்டுவந்து வைப்பவனையும் தெய்வங்கள் சபிக்கட்டும் என்கிறது எழுத்து. மீறுவோருக்கு ஆயிரம் வெள்ளிக்காசு தண்டம். வக்பு பத்திரங்களைப் படித்துப் பழகியோருக்கு இந்நடை புதிதாகத் தோன்றாது. விற்கலாகாது, அன்பளிப்பாக்கலாகாது என்று உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்திற்கு விதித்த நிபந்தனையின் ஓசை நம் நினைவுக்கு வரும். வேறொரு கபுறில், இவ்விடம் 'ஹ-ர-ம்' என்று அறிவிக்கிறார்கள். ஹரம், ஹராம், இஹ்ராம் எல்லாம் பிறந்த அதே வேர். சபிப்பதற்கு அவர்கள் ஆண்ட சொல் 'ல-அ-ன'. இதனை இன்றும் அவ்வாறே வழங்குகிறோம்.

யார் பெயரால் சபிக்கிறார்கள்? துஷரா என்னும் நபத்தியத் தெய்வம். அல்லாத், மனாத், ஹுபல். ஸூரா நஜ்மில் பெயர் சொல்லி மறுக்கப்படும் இரண்டும், மக்கா வெற்றியின்போது கஅபாவிலிருந்து அகற்றப்பட்ட ஒன்றும், அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இவை பிற்காலத்து முஸ்லிம் வரலாற்றாசிரியர்களின் கற்பனை என்று எழுதிய மேனாட்டார் சிலரும் உண்டு. ஹிஜ்ரின் கொத்தர்கள் அவர்களுக்கு விடையிறுத்துவிட்டனர்.

இப்பரப்பில் அக்காலத்தார் புனிதமெனப் போற்றிய இடம் ஜபல் இஸ்லிப். வானை நோக்கிப் பிளந்த உயர்ந்த பாறைகள். அவற்றின் நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு குறுகிய சந்து. அதன் வாயிலருகே, முன்பக்கம் முழுவதும் திறந்த, பாறையில் குடைந்த ஒரு சதுரக் கூடம். மூன்று பக்கமும் கல் திண்ணைகள். விருந்து உண்டு வழிபட்ட இடம். மக்கள் அதனை 'திவான்' என்கின்றனர். வெளியே சுட்டெரிக்கும் நண்பகலிலும் சந்தின் வழியே காற்று வந்துகொண்டிருந்தது. உள்ளே செல்லச் செல்ல, பாறைச் சுவரில் சிறு மாடங்கள். மாடங்களில் உருவச்சிலை இல்லை. மூக்கும் கண்ணும் இல்லாத வெறும் செவ்வகக் கல், தனியாகவோ இரண்டு மூன்றாகவோ, அதே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது. ஸூரா மாயிதாவில் மதுவோடும் சூதோடும் சேர்த்து விலக்கப்படும் 'அன்ஸாப்' என்பதற்கு, நட்டு வைத்து வணங்கிய கற்கள் என்று விரிவுரையாளர் பொருள் எழுதுவர். அப்பொருள் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை இம்மாடங்கள் கண்முன் நிறுத்துகின்றன. 'நஸப' என்றால் நட்டான், நிறுத்தினான். தமிழில் நடுகல் என்பதும் இதே வினையிலிருந்து பெற்ற பெயர்தான்; ஆனால் நடுகல் மாண்ட வீரனுக்கு உரியது, இது தெய்வத்திற்கு உரியது.

அத்தகைய கல் ஒன்றின் அருகே, இதனைத் தெய்வத்திற்குச் செய்தளித்தவர் இன்னார் என்று எழுதியிருக்கிறது. அக்கல்லைக் குறிக்க எழுத்தில் வரும் சொல் 'மஸ்கிதா'. நபத்திய எழுத்தின் 'க' அரபியில் 'ஜ' ஆகும்: மஸ்ஜித். ஸுஜூது செய்யும் இடம்! இஸ்லாம் அச்சொல்லை விலக்கவில்லை, கல்லை விலக்கிற்று. பிறகு அச்சொல்லுக்கு உரிய இடமாகப் பூமி முழுவதுமே ஆயிற்று. இதனை அங்கே நின்று எண்ணியபோது, உடன் வந்தோரில் முதியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தலையில் இருந்த துண்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவர் எழுத்துகளைப் படித்தவர் அல்லர். நபிமொழியை மட்டும் அறிந்தவர்.

2023இல் ஹிஜ்ரின் கபுறு ஒன்றில் கிடைத்த ஒரு பெண்ணின் மண்டையோட்டைக் கொண்டு அவருடைய முகத்தை மீண்டும் உருவாக்கிக் காட்சிக்கு வைத்தனர். அக்கபுறின் எழுத்து கி.பி. 60ஐ ஒட்டியது, வஹ்புவின் மகள் ஹினாத் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் அமைத்தது. அதனால் அம்முகத்திற்கும் ஹினாத் என்றே பெயரிட்டனர். அறிவியல் நோக்கில் அது அரிய முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் கபுறைத் திறக்காதீர், உடலை அகற்றாதீர் என்று வாயிலுக்கு வாயில் எழுதி வைத்துவிட்டுப் போன மக்கள் நடுவே, எலும்பிலிருந்து முகம் எடுத்து வழியில் நிறுத்துவதை நம்மால் மகிழ்ச்சியோடு காண இயலவில்லை. அவர்கள் எதை வணங்கினார்கள் என்பது வேறு. கபுறுக்குரிய மரியாதை வேறு. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) எழுந்து நின்றதை ஹதீஸ் மாணவர் மறந்திருக்க மாட்டார்.

எழுத்துகளுள் காலத்தால் பிந்திய ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. நபத்திய அரசு மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட காலம்; கி.பி. 267. ஹாரிஸாவின் மகன் கஅபு என்பவர், ஹிஜ்ரில் தம்மூஸ் மாதத்தில் இறந்துபோன தம் தாய் ரகாஷுக்கு இக்கபுறை அமைத்ததாக எழுதியிருக்கிறார். எழுத்து நபத்தியம், மொழி பெரும்பாலும் அரபி. ஆண்டு குறித்த அரபி மொழி எழுத்துகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அறிஞர் இதனைக் கொள்வர். தாயின் கபுறைத் திறப்பவனை அந்த மகனும் சபிக்கிறார். ஆனால் துஷராவை அழைக்கவில்லை, மனாத்தை அழைக்கவில்லை, அவருடைய தாயின் தந்தை பெயரே அப்து மனாத் என்றிருந்தும் அழைக்கவில்லை. 'மாரீ ஆலமா', உலகின் இறைவன், சபிக்கட்டும் என்கிறார். அவர் எந்த மார்க்கத்தவர் என்று எழுத்து கூறவில்லை. ரப்புல் ஆலமீன் என்று நாள்தோறும் ஓதும் நமக்கு அவ்விரு சொற்களும் அயலாகத் தோன்றவில்லை. கஅபு இதனைப் பொறித்து 363 ஆண்டுகள் சென்றபின், தபூக்கை நோக்கிய படை தண்ணீரைக் கொட்டிவிட்டு இவ்வழியே விரைந்தது.